செக்கானூரணி தாண்டிட்டேன்

முகத்தில் ஒரு பக்கம் சவரம் முடிந்திருந்தது. மறுபக்கம் நுரை. வலது கையில் ரேசர், இடது கையில் போன். காலை ஏழரை மணி. அவனியாபுரத்தில் என் வீட்டுக் குழாயடியில், சுவரில் மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் கைலியோடு நின்றுகொண்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்:

"இந்தா, செக்கானூரணி தாண்டிட்டேம்மா."

சொல்லி முடிக்கவும் தலைக்கு மேல் விமானம் வரவும் சரியாக இருந்தது. மதுரை விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் விமானம் என்பது வானத்தில் புள்ளியாகப் போவதல்ல. சக்கரம் தெரியும். ஜன்னல் எண்ணலாம். போனைச் சட்டென்று பனியனுக்குள் அமுக்கிக்கொண்டேன். இரைச்சல் அடங்கியதும் வெளியே எடுத்து, "லாரி ஒண்ணு போச்சும்மா" என்றேன்.

மறுமுனையில் பேச்சியம்மாள். செக்கானூரணி, உசிலம்பட்டி எல்லாம் தாண்டி இருக்கும் எழுமலையில் பால் சேகரிப்பு நிலையம் நடத்துகிறவர். அன்று காலை அவருடைய குளிரூட்டும் தொட்டி திடீரென்று நின்றுவிட்டது. அதைப் பழுது பார்ப்பவன் நான்.

"அப்ப சரிண்ணே. வண்டியைப் போகச் சொல்லிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. மறு கன்னத்தை மழிக்கத் தொடங்கினேன்.

ஒரே ஒரு பழக்கம்

இந்தக் காட்சியை இந்த வாரம் எழுதக் காரணம் ஒரு கடிதம். திருமங்கலத்தில் தனியாகத் தையல் தொழில் தொடங்கியிருக்கும் ஒரு பெண், இந்தத் தொடரைப் படித்துவிட்டு எழுதியிருந்தார்: "ஐயா, நீங்களும் ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவர். எனக்குப் பத்துப் பழக்கம் வேண்டாம். ஒரே ஒரு நல்ல பழக்கம் சொல்லுங்கள்."

படித்ததும் எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருடமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது!

முன்னேற்ற நூல்கள் நானும் நிறையப் படித்தவன். நூலகத்தில் அந்த அலமாரியை ஒரு மழைக்காலத்தில் காலி செய்தேன். அதிகாலையில் எழு, பச்சைத் தண்ணீரில் குளி, இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டு. ஒட்டினேன். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது இலக்கும் உள்ளே போய்விட்டது.

நாட்குறிப்பு மட்டும் விடாமல் எழுதினேன். எந்த நாள், என்ன வெயில், எந்தக் கம்ப்ரஸர், யார் வீட்டில் காபி கொடுத்தார்கள் என்பது வரை இருக்கிறது. மேலே சொன்ன நாளின் தேதியும் இருக்கிறது. இங்கே அதை எழுதவில்லை. பேச்சியம்மாளிடம் அனுமதி கேட்டபோது, "எல்லாத்தையும் எழுதுங்கண்ணே, வருஷத்தை மட்டும் போட்டுறாதீங்க. எனக்கு வயசு கூடிப்போகும்" என்றார். ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'இந்தா' என்றால் எத்தனை நிமிடம்?

பழைய காலத்தில் நாழிகைக் கணக்கு இருந்தது. ஒரு நாழிகை இருபத்துநான்கு நிமிடம். பிறகு ரயில் வந்தது. ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஒரு நேரம் வைத்திருந்ததால் குழப்பமாகி, நாடு முழுக்க ரயில்களெல்லாம் மதராஸ் நேரப்படி ஓடிய காலம் ஒன்று உண்டு. அப்புறம் அதுவும் போய், எல்லோருக்கும் ஒரே நேரம் ஆனது.

மதுரையில் மட்டும் ஒரு பழைய அளவு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் பெயர் 'இந்தா'.

"இந்தா வாரேன்" என்றால் அரை மணி நேரமாகவும் இருக்கலாம், அரை நாளாகவும் இருக்கலாம். "இந்தா வந்துட்டேன்" என்றால் இன்னும் கிளம்பவில்லை என்று பொருள். "தெற்குவாசல்ல நிக்கிறேன்" என்றால் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். நெரிசல் சத்தம் கேட்டால்தான் உண்மையிலேயே கிளம்பியிருக்கிறார்.

இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. என் சக மெக்கானிக் ராஜபாண்டி இதற்கு ஒரு தத்துவமே வைத்திருந்தான். "மாப்ள, வரமுடியாதுன்னு சொல்றது மொகத்துல கதவைச் சாத்துற மாதிரி. வாரேன்னு சொல்றது மரியாதைடா. கஸ்டமர் மனசு ஆறுதுல்ல?"

நானும் அந்த மரியாதையை எல்லோருக்கும் வாரி வழங்கினேன். அன்று காலையிலும் இரண்டு பேருக்கு வழங்கியிருந்தேன். பேச்சியம்மாளுக்கு முன்பே கீழவாசல் பேக்கரி காதர் பாய் கூப்பிட்டிருந்தார். அவரிடம் "தெற்குவாசல் வந்துட்டேன் பாய்" என்று சொல்லியிருந்தேன். பேக்கரி வேலையை அரை மணியில் முடித்துவிட்டு எழுமலைக்குப் பறந்துவிடலாம் என்பது என் கணக்கு.

பேக்கரியிலிருந்து கிளம்பும்போது மணி ஒன்பதேகால்.

இருபது நிமிட வேலை

எழுமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. காற்றில் மண் பறந்து பல்லில் நறநறத்தது. நிலையத்தின் வாசலில் காலி கேன்களோடு ஏழெட்டுப் பேர்.

பழுது என்னவென்று பார்த்தேன். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் கருகியிருந்தது. புதிதாக ஒன்று என் பையிலேயே இருந்தது. இருபது நிமிட வேலை. கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியதும், வழக்கம்போல் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

பேச்சியம்மாள் அடுப்பில் சிறு பாத்திரம் வைத்துப் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கொதி வந்தது. பால் பொலபொலவென்று திரிந்து, மஞ்சள் தண்ணீர் தனியாக நின்றது. அடுப்பை அணைத்தார்.

முதல் நாள் சாயங்காலப் பாலும் அன்றைய காலைப் பாலும் ஒரே தொட்டியில். அத்தனையும் போயிற்று.

"எந்த வண்டியைப் போகச் சொன்னீங்க?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"குட்டியானைண்ணே." சின்ன சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "உசிலம்பட்டியில ஒரு குளிரூட்டுற இடம் இருக்கு. ஒம்பது மணிக்குள்ள கேன்ல கொண்டுபோயிட்டா எடுத்துக்குவாங்க. வண்டி வாசல்லதான் நின்னுச்சு. நீங்க செக்கானூரணி தாண்டிட்டேன்னீங்க. அதான் போகச் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார். கொல்லைப்புற வாய்க்காலில் பால் வெள்ளையாக ஓடியது. இரண்டு நாய்கள் வந்து மோந்துவிட்டு விலகின.

"இவுக எல்லாருக்கும் நாந்தான் பதில் சொல்லணும். முடியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் என் வழியைப் பாத்திருப்பேன்ணே" என்றார். பிறகு, ஏதோ சந்தேகம் தெளிந்தது போல, மெதுவாகக் கேட்டார்: "போன்ல அப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே. செக்கானூரணிக்கு எப்பண்ணே ஏரோப்ளேன் விட்டாங்க?"

எட்டா, ஒன்பதா?

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஷன் பள்ளியில் ஆசிரியை. முழுவதும் கேட்டுவிட்டு, "எட்டாவது கட்டளை" என்றாள்.

"ஒன்பதாவது" என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவள் கத்தோலிக்கக் குடும்பம், நான் புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ. பத்துக் கட்டளையும் ஒன்றுதான் என்றாலும் எண்ணுகிற முறை வேறு. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது அவளுக்கு எட்டாவது, எனக்கு ஒன்பதாவது. கல்யாணமான நாளிலிருந்து தீராத வழக்கு இது.

"நம்பரை நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாள்.

பேச்சியம்மாள் மறுவாரமே ராஜபாண்டியைப் பிடித்துக்கொண்டார். அவன் எனக்குப் போன் செய்து, "மாப்ள, எழுமலை நம்ம கைக்கு வந்திருச்சு, தப்பா எடுத்துக்காதடா" என்றான். எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

இரண்டு கட்டம்

அன்று நாட்குறிப்பில் புதிதாக இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் 'சொன்ன நேரம்'. மற்றதில் 'வந்த நேரம்'. அவ்வளவுதான். ஒரு மாதம் வெறுமனே எழுதினேன். மாதக் கடைசியில் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. இரண்டு கட்டமும் ஒத்துப்போன நாள் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு விதி வைத்தேன். வழி எவ்வளவு, கையில் இருக்கும் வேலை எவ்வளவு என்று கூட்டி, அதன்மேல் அரை மணி சேர்த்து, அந்த நேரத்தைத்தான் சொல்வேன். தாமதமாகும் என்று தெரிந்தால், அவர்கள் கூப்பிடும் முன் நான் கூப்பிடுவேன்.

முதலில் நடந்தது என்ன தெரியுமா? வாடிக்கையாளர்கள் ஓடினார்கள்!

காதர் பாய் கொதித்துப் போனார். "ஏன் தம்பி, காலையில கூப்பிட்டா சாயங்காலம் மூணு மணிங்கிற? மூஞ்சியில அடிச்சாப்ல!"

"மூணு மணிக்குத்தான் பாய் வர முடியும்."

"அது எனக்கும் தெரியும்யா. நீ எப்பவும் மூணு மணிக்குத்தான் வருவ. ஆனா இந்தா வாரேன்னு சொல்லுவேல்ல? அந்த ஒரு வார்த்தைக்கு நான் கல்லாவுல நிம்மதியா உக்காந்திருப்பேன். இப்ப அதுவும் போச்சு. நான் ராஜபாண்டியைக் கூப்பிட்டுக்கிறேன்."

கூப்பிட்டுக்கொண்டார்.

"இருக்கிற இடத்தைப் போனிலேயே அனுப்பிவிடலாமே" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அனுப்புகிறேன். ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்றுதான் வரைபடம் காட்டும். கழற்றிப் போட்ட கம்ப்ரஸரை எப்போது மூடுவேன் என்று அதற்குத் தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு கட்டத்தில் ஓர் அதிசயம் இருந்தது. 'சொன்ன நேரம்' தவறிய நாளிலெல்லாம் பக்கத்தில் காரணம் எழுதினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடியது. பெட்ரோல் பங்கில் வரிசை. ஏணியில் நின்றுகொண்டு போன் பேசியது. எந்த ஒயர் எங்கே இருந்தது என்று மறந்தது. இப்படியே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஸ்பேனருக்குப் பையில் நிரந்தர இடம் கிடைத்தது. பெட்ரோல் முதல் நாள் சாயங்காலமே போடலானேன். மெஷினைத் திறக்கும் முன் ஒரு படம் எடுப்பது வழக்கமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்று துணிந்து சொன்னேன்.

பத்துப் பழக்கத்தையும் நான் தேடிப் போகவில்லை. ஒன்றைப் பிடித்தேன், மற்றவை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தன.

மறுபடியும் அந்த எண்

அடுத்த சித்திரை. வெயில் எட்டு மணிக்கே தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. அவனியாபுரத்தில் ஓர் ஐஸ் ஆலைக்குள் நான். பெரிய கம்ப்ரஸரின் தலைப்பகுதியைக் கழற்றித் தரையில் பரப்பியிருந்தேன். கையெல்லாம் எண்ணெய். போன் அடித்தது. எட்டு மாதமாக வராத எண்.

"அண்ணே, பேச்சி பேசுறேன். எழுமலை."

எண்ணெய்க் கையோடு எழுந்து ஆலை வாசலுக்கு ஓடினேன்.

"தொட்டி நின்னுபோச்சுண்ணே. சாயங்காலப் பால், காலைப் பால் எல்லாம் உள்ள கெடக்கு. ராஜபாண்டியைக் கூப்பிட்டேன். உசிலம்பட்டி வந்துட்டேங்கிறாரு. பின்னாடி கண்டக்டர் திருச்சி திருச்சின்னு கத்துறது கேக்குது! மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு உசிலம்பட்டிங்கிறாருண்ணே. குட்டியானை வாசல்ல நிக்குது. டிரைவர் இருக்கவா போகவாங்கிறான். நீங்க எப்ப வருவீங்க?"

எட்டு மாதம். இந்த ஒரு அழைப்புக்காக எத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பேன்! நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றுவிட்டது. இந்தா வாரேன். சொன்னால் மகிழ்ந்துபோவார். பழைய உறவு ஒரு நொடியில் திரும்பிவிடும். சொல்லாவிட்டால், "இவருக்கும் முடியாதாம்" என்று போனை வைத்து, என் நம்பரையே அழித்துவிடலாம்.

உள்ளே திரும்பிப் பார்த்தேன். கம்ப்ரஸர் திறந்து கிடந்தது. மீன் வியாபாரிகள் மதியம் ஐஸுக்கு வருவார்கள். அவர்களுக்கும் நான் ஒரு நேரம் சொல்லியிருந்தேன். இதை மூடப் பத்தரை ஆகும். வழி ஒன்றேமுக்கால் மணி. மேலே அரை மணி.

"பன்னெண்டே முக்கால்மா" என்றேன். "அதுக்கு முன்னாடி என்னால வர முடியாது. பாலை ஏத்தி அனுப்பிடுங்க."

நம்புவாரா?

அப்போது வந்தது விமானம். ஆலையின் தகரக் கூரை அதிர்ந்தது. போனை மூடக் கை தானாக எழுந்தது, நிறுத்திக்கொண்டேன். இரைச்சல் முழுவதையும் எழுமலைக்குப் போக விட்டேன்.

அடங்கியதும் பேச்சியம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"கேட்டுச்சுண்ணே! அவனியாபுரத்துலதான் இருக்கீங்க. இப்ப நம்புறேன்." போனை வைக்காமலே கத்தினார்: "ஏய், கேனை எடுங்கப்பா! பாலை ஏத்துங்க!"

கரும்பலகை

பத்து இருபத்தைந்துக்கு ஐஸ் ஆலைக் கம்ப்ரஸர் ஓடியது. கை கழுவி, சாமான்களைப் பையில் அடுக்கிக் கிளம்பும்போது பத்தே முக்கால். பெட்ரோல் முதல் நாளே போட்டிருந்தது. செக்கானூரணியைத் தாண்டும்போது, சாலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "செக்கானூரணி தாண்டிட்டேன்!" என்று சத்தமாகவே சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே பிரமாதமாகக் கேட்டது.

எழுமலையில் நிலையத்தின் வாசலில் கூட்டம். பால் போய்விட்டதா? பைக்கை நிறுத்துவதற்குள் ஒரே ஆரவாரம். ஒருவர் துண்டைத் தூக்கிச் சுழற்றினார். இன்னொருவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றும் புரியாமல் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவர் சுவரைக் காட்டினார். பால் கொழுப்பு அளவு எழுதும் கரும்பலகையில், பெரிய எழுத்தில்: 'மெஷின் ஆள் 12.45க்கு வருவார்.'

"பால் பத்திரமா உசிலம்பட்டிக்குப் போயிருச்சுண்ணே. எட்டே முக்காலுக்கே எடுத்துக்கிட்டாங்க. இவுக வேலையில்லாம பந்தயம் கட்டிட்டாக. நீங்க அந்த நேரத்துக்குள்ள வருவீங்களா வரமாட்டீங்களான்னு."

"என்ன பந்தயம்?"

"ஆளுக்கு ரெண்டு வடை."

கடிகாரத்தைப் பார்த்தேன். 12.37. உட்கார்ந்திருந்தவர் எழுந்து என்னிடம் வந்தார். "ஏண்ணே, இன்னும் எட்டு நிமிசம் கெடக்கு. அப்படியே ஒரு ஒம்பது நிமிசம் டீக்கடையில நின்னுட்டு வந்திருக்கக் கூடாதா? எம்புட்டு வடை தெரியுமா?"

விசிறி மோட்டார் இறுகிப்போயிருந்தது. திறக்கும் முன் படம் எடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். சாயங்காலப் பால் வருவதற்குள் தொட்டி குளிர்ந்துவிடும். பந்தயத்தில் ஜெயித்தவர்கள் எனக்கும் இரண்டு வடை எடுத்து வைத்திருந்தார்கள். வாழ்நாளில் நான் வாங்கிய விருது அது ஒன்றுதான்.

வடையைக் கடிக்கும்போது போன் அடித்தது. காதர் பாய்! ஸ்பீக்கரில் போட்டேன், கையெல்லாம் எண்ணெய்.

"தம்பி, கேக் வைக்கிற பெட்டி நின்னுபோச்சு. ராஜபாண்டி காலையிலேர்ந்து தெற்குவாசல்லயே நிக்கிறான்யா. நீ எங்க இருக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் குனிந்து போனுக்குள் கத்தினார்: "எழுமலையிலதான் இருக்காரு பாய்! நான் சாட்சி! ஏரோப்ளேன் சத்தம் ஏதாவது கேக்குதா பாருங்க!"

"ஏரோப்ளேனா? அது என்னத்துக்கும்மா?"

கூட்டம் சிரித்தது. நான் வழியைக் கூட்டினேன், அரை மணி சேர்த்தேன்.

"பாய், நாலரை மணி."

பேக்கரியில் யாரோ பப்ஸ் கேட்கும் குரல் வந்தது.

"நாலரைன்னா நாலரைதானே?"

"நாலரைதான் பாய்."

"சரி. அப்ப கேக்கையெல்லாம் பக்கத்துக் கடைப் பெட்டிக்கு மாத்திடுறேன். வா."

திருமங்கலத்துச் சகோதரிக்கு என் பதில் இவ்வளவுதான். ஜாக்கெட் வெள்ளிக்கிழமைதான் தைக்க முடியும் என்றால் வெள்ளிக்கிழமை என்றே சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். தன் வழியைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு நீங்கள் நேரம் கொடுத்தீர்கள் என்பது ஒருநாள் புரியும்.

அன்றைய நாட்குறிப்பின் கடைசி வரியை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். பக்கத்தின் ஓரத்தில் வடை எண்ணெய். பேக்கரி, கீழவாசல். சொன்ன நேரம்: நாலரை. வந்த நேரம்: நாலு இருபத்தாறு.